சேர்ந்த கோர்ஸே இல்லையாம், இப்போ என்ன செய்ய?

வழக்கமாக இந்த சீசனில் ‘எந்த கோர்ஸ் எடுக்கலாம்’ என்றுதான் கேட்பீர்கள். இந்த முறை, எடுத்த கோர்ஸ் தொடங்குவதற்கு முன்பே கையை விட்டுப் போய்விட்டது என்று எழுதியிருப்பவர்கள்தான் அதிகம். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: அக்கா, ப்ளஸ் டூ கணக்கில் 94 எடுத்தேன். சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் மாலை ஷிஃப்ட்டில் பி.எஸ்சி. புள்ளியியல் கிடைத்தது, முதல் செமஸ்டர் ஃபீஸும் கட்டிவிட்டோம். வகுப்பு தொடங்க நாலு நாள் இருக்கும்போது போன் செய்து, “ஆள் சேரலை, இந்த வருஷம் கோர்ஸ் நடத்தலை. பி.பி.ஏ.வுல சீட் இருக்கு, நாளைக்குள்ள வந்து மாத்திக்கோங்க, கட்டின ஃபீஸை அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்” என்கிறார்கள். இதையும் விட்டால் வருஷமே வீணாகிவிடும் என்று அப்பா பயப்படுகிறார். எனக்கு பி.பி.ஏ. பிடிக்கவே இல்லை. அழுகையாக வருகிறது. (வாசகி, பெரம்பூர்)

பதில்: அழு, தப்பே இல்லை. ஆனால் நாளைக்குள் போய்க் கையெழுத்து மட்டும் போட்டுவிடாதே. அந்த ‘நாளைக்குள்’ அவர்களுடைய கெடு, உன்னுடையது இல்லை. நீ கட்டிய பணம் வெளியே போகாமல் அப்படியே இன்னொரு காலி சீட்டில் உட்கார்ந்தால் அவர்களுக்கு வேலை மிச்சம், அவ்வளவுதான். ஹோட்டலில் இட்லி தீர்ந்துவிட்டது என்றால் தோசை சொல்லலாம், மூன்று வருஷப் படிப்பை அப்படி மாற்றிக்கொள்ள முடியாதும்மா.

ஏன் இப்படி நடக்கிறது என்றும் தெரிந்துகொள். பழைய கல்லூரிகள் பலவற்றில் எய்டட், செல்ஃப் ஃபைனான்ஸ் என்று இரண்டு பிரிவு இருக்கும். எய்டட் பிரிவு ஆசிரியர்களுக்குச் சம்பளம் அரசாங்கம் தருகிறது, அதனால் அங்கே ஆள் குறைந்தாலும் எப்படியோ வகுப்பு ஓடும். செல்ஃப் ஃபைனான்ஸில் மாணவர்கள் கட்டும் ஃபீஸில்தான் சம்பளம் கொடுக்க வேண்டும், பத்துப் பேருக்கு ஒரு துறையை நடத்த நிர்வாகம் ஒத்துக்கொள்ளாது. அந்த நிலைமை எனக்கும் புரிகிறது. ஆனால் ஆள் சேரவில்லை என்பது வகுப்பு தொடங்க நாலு நாள் இருக்கும்போதுதான் தெரியும் என்று சொன்னால் நான் நம்பமாட்டேன். வேறு இடங்களில் சேர்க்கை நடந்துகொண்டிருந்தபோதே சொல்லியிருக்கலாம்.

சரி, முதலில் காகித வேலை. போனில் சொன்னதை எழுத்தில் வாங்கு. “இந்தக் கல்வியாண்டில் பி.எஸ்சி. புள்ளியியல் நடத்தப்படவில்லை” என்று கல்லூரி லெட்டர்ஹெட்டில் ஒரு வரி போதும். தர மறுத்தால் நீயே, “இன்று இத்தனை மணிக்கு உங்கள் அலுவலகத்திலிருந்து போனில் இப்படிச் சொன்னீர்கள், உறுதிசெய்யுங்கள்” என்று கல்லூரி முதல்வருக்கு ஈமெயில் போட்டு வைத்துக்கொள். இந்த ஒரு தாள்தான் ஃபீஸ் திரும்பக் கேட்கவும் உதவும், தாமதமாகச் சேரப்போகும் கல்லூரியில் காட்டவும் உதவும்.

ஃபீஸைப் பொறுத்தவரை, 2018 அக்டோபரில் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. மாணவர் தானாக விலகினால் எந்தத் தேதிக்குள் எத்தனை சதவீதம் திருப்பித் தரவேண்டும் என்று அதில் அட்டவணையே உண்டு. 2024-25 கல்வியாண்டுக்கு இன்னும் தாராளமாக, செப்டம்பர் 30 வரை விலகினால் முழுத் தொகை, அக்டோபர் 31 வரை விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்தம் என்று சொன்னார்கள். இந்த ஆண்டுச் சுற்றறிக்கை யுஜிசி தளத்தில் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடு. இதெல்லாம் மாணவர் விலகும்போதுதான், இங்கே விலகியது கல்லூரி. “ப்ராசஸிங் சார்ஜ்” என்று ஏதாவது பிடிக்கப் பார்த்தால் இந்த வித்தியாசத்தை அப்பாவை நிதானமாகச் சொல்லச் சொல். இன்னொன்று, “கேன்சலேஷன் ஃபார்ம்” என்று நீட்டுவார்கள். அதில் காரணம் என்ற கட்டத்தில் ‘சொந்தக் காரணம்’ என்று எழுதச் சொன்னால் எழுதாதே. ‘படிப்பு நடத்தப்படாததால்’ என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடு.

அப்புறம் டிசி. ஒரிஜினல் சான்றிதழ்களைச் சரிபார்த்ததும் கொடுத்துவிட வேண்டும், கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்று அதே 2018 அறிவிப்பு சொல்கிறது. ஆனாலும் நம் ஊரில் டிசியை வாங்கி உள்ளே வைத்துக்கொள்வதுதான் வழக்கமாக இருக்கிறது. உன் பள்ளிக்கூடம் கொடுத்த அதே டிசியைத் திருப்பிக் கேள். புதிதாக ஒன்று எழுதித் தந்தால் ‘சேர்ந்து இடையில் நின்றார்’ என்பது போன்ற வரி இருக்கிறதா என்று கவுண்ட்டரிலேயே நின்று படித்துப் பார். வீட்டுக்கு வந்து பார்த்தால் அதைத் திருத்த இன்னொரு நாள் அலைய வேண்டும். நீ அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டே, அதற்கான பதிவு கல்லூரி வழியாகத்தான் போகும். இந்தக் கல்லூரி, மாணவர் விவரங்களை ஏற்றும் யூமிஸ் தளத்தில் உன் பெயரை ஏற்றிவிட்டதா என்று கேட்டு, ஏற்றியிருந்தால் எடுத்துவிடச் சொல்.

இப்போது படிப்புக்கு வருகிறேன். மாநிலக் கல்லூரி, லயோலா, தாம்பரம் கிறித்தவக் கல்லூரி, மூன்றிலும் புள்ளியியல் துறை இருக்கிறது. நேரில் போ. சேர்ந்தவர்களில் சிலர் இன்ஜினீயரிங் கவுன்சலிங்கில் இடம் கிடைத்து டிசி வாங்கிக்கொண்டு போவார்கள், அந்த இடங்கள் இந்த வாரங்களில்தான் காலியாகும். அரசு கல்லூரிகளில் கலந்தாய்வு முடிந்தபின் மிச்சமுள்ள இடங்களுக்கு மறுபடி சேர்க்கை நடத்துவது உண்டு, ஃபீஸும் நீ கட்டியதில் ஒரு துளிதான் இருக்கும்.

அங்கேயும் கிடைக்கவில்லையா, பி.எஸ்சி. கணிதத்தில் சேர். ஆனால் சேரும் முன் அலைடு பாடம், அதாவது துணைப் பாடம், என்ன என்று கேள். புள்ளியியலை அலைடாக வைத்து கணிதம் படித்தவர்களைப் பல இடங்களில் எம்.எஸ்சி. புள்ளியியலுக்கு எடுத்துக்கொள்கிறார்கள். யுபிஎஸ்சி நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வுக்கும் பட்டப்படிப்பில் புள்ளியியல் ஒரு பாடமாக இருந்தால் விண்ணப்பிக்கலாம். கூடவே ஐஐடி மெட்ராஸ் 2020-ல் தொடங்கிய ஆன்லைன் டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பையும் யோசிக்கலாம், அதில் வருஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல் சேர்க்கை உண்டு, தகுதித் தேர்வு எழுதித்தான் உள்ளே போக முடியும். ஒரே நேரத்தில் இரண்டு பட்டப்படிப்பு படிக்க 2022-லிருந்து யுஜிசி அனுமதிக்கிறது, அதனால் காலையில் கல்லூரி, ராத்திரி இது என்று ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். உன்னால் முடியுமா என்பதை முதல் செமஸ்டர் முடிந்தபிறகு முடிவு செய், இப்போதே எல்லாவற்றையும் தலையில் ஏற்றிக்கொள்ளாதே.

அப்பாவிடம் ஒரு விஷயம் சொல். பிடிக்காத படிப்பில் சேர்ந்து இரண்டாம் செமஸ்டரில் அரியரோடு நிற்பதுதான் வருஷம் வீணாவது. வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி உங்கள் வீட்டுக்குப் பக்கம்தானே, நாளை காலை அந்தக் கல்லூரிக்குப் பதிலாக அவரை அங்கே கூட்டிக்கொண்டு போ.

கேள்வி: மகளுடைய படிப்புக்கு வங்கியில் கல்விக் கடன் வாங்கி, வங்கியே கல்லூரிக்குப் பணம் அனுப்பிவிட்டது. கோர்ஸ் ரத்து. கல்லூரி என் கணக்குக்குப் பணம் போடுவதாகச் சொல்கிறது, செக் வேண்டுமானாலும் தருவார்களாம். வாங்கிக்கொள்ளலாமா? கேளம்பாக்கத்தில் ஒரு பிஜி ஹாஸ்டலுக்கு அட்வான்ஸும் கொடுத்திருக்கிறேன். (வாசகர், திண்டிவனம்)

பதில்: உங்கள் கணக்குக்கு வேண்டாம் சார். எந்தக் கடன் கணக்கிலிருந்து போனதோ அதே கணக்குக்குத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். வங்கி படிப்புக்காகக் கொடுத்த பணம் உங்கள் சேமிப்புக் கணக்கில் வந்து உட்கார்ந்தால், பிற்பாடு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியது நீங்கள்தான். பணம் வங்கியை விட்டுப் போன நாளிலிருந்து வட்டி ஓடுகிறது, அதனால் இழுத்தடிக்க விடாதீர்கள். கிளை மேலாளரை நேரில் பார்த்து, கல்லூரியின் கடிதத்தைக் கொடுத்து, தகவல் சொன்னதற்கு ஒரு பிரதியில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். மகள் வேறு கல்லூரியில் சேர்ந்தால் அந்தச் சேர்க்கைக் கடிதம், ஃபீஸ் விவரம் இரண்டையும் வைத்து கடன் அனுமதியைப் புதுக் கல்லூரிக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். அதற்கு முன்னால் புதுக் கல்லூரிக்குக் கைப்பணத்தைக் கட்டிவிட்டு “அப்புறம் வங்கியில் வாங்கிக்கொள்ளலாம்” என்று இருக்காதீர்கள், எல்லா மேலாளரும் அதற்கு ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

ஹாஸ்டல் அட்வான்ஸ் தனி வழக்கு. கல்லூரி ஹாஸ்டல் என்றால் படிப்போடு சேர்த்து முழுதாகக் கேளுங்கள். தனியார் பிஜி என்றால் அந்த ரசீதின் பின்பக்கத்தில் என்ன அச்சடித்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. இன்னும் குடியேறவில்லை, அந்தப் படுக்கைக்கு வேறு பெண்ணை அவர்கள் இந்த மாதமே பிடித்துவிடுவார்கள் என்று பேசிப்பாருங்கள், பாதியாவது வரும்.

கேள்வி: அக்கா, இங்கிலாந்தில் செப்டம்பரில் எம்.எஸ்சி. சேர டெபாசிட் கட்டியிருந்தேன். இப்போது அந்த கோர்ஸையே நிறுத்திவிட்டதாக மெயில் வந்திருக்கிறது. கன்சல்டன்சியில் அதே யூனிவர்சிட்டியில் வேறு கோர்ஸுக்கு மாறச் சொல்கிறார்கள். விசாவுக்கு இன்னும் போடவில்லை. (வாசகர், அண்ணா நகர்)

பதில்: விசாவுக்குப் போடவில்லை என்பதால் தப்பித்தீர்கள் தம்பி. போட்டிருந்தால், முடிவு வருவதற்கு முன் வாபஸ் வாங்கினால்தான் விசாவோடு கட்டும் ஹெல்த் சர்சார்ஜ் என்ற மருத்துவக் கட்டணமாவது திரும்பும், விசா கிடைத்தபின் போகாமல் இருந்தால் அதுவும் கிடையாது.

கன்சல்டன்சிக்குக் கமிஷன் தருவது பெரும்பாலும் அந்த யூனிவர்சிட்டிதான், அதை மனதில் வைத்துக்கொண்டு அவர்கள் யோசனையைக் கேளுங்கள். ரத்து செய்தது யூனிவர்சிட்டி என்பதால் டெபாசிட்டை முழுதாகக் கேட்டு யூனிவர்சிட்டி அட்மிஷன் அலுவலகத்துக்கு நேரடியாக எழுதுங்கள், ஏஜென்ட் வழியாக வேண்டாம். இங்கிலாந்தில் பதிவு பெற்ற யூனிவர்சிட்டிகளின் தளத்தில் ‘ஸ்டூடன்ட் ப்ரொடெக்‌ஷன் ப்ளான்’ என்று ஒரு ஆவணம் இருக்கும். படிப்பை நிறுத்தினால் மாணவருக்கு என்ன செய்வோம் என்று அவர்களே எழுதிவைத்தது அது. அதைப் படித்துவிட்டு அந்த வாசகத்தையே மேற்கோள் காட்டுங்கள்.

வேறு யூனிவர்சிட்டிக்குப் போனால் புதிதாக சிஏஎஸ் (யூனிவர்சிட்டி தரும் சேர்க்கை உறுதி ஆவணம்) வேண்டும், மாணவர் விசா அந்த ஸ்பான்சரோடு ஒட்டியது. ஜனவரிக்குத் தள்ளிப்போட்டால் இரண்டு விஷயம் கவனியுங்கள்: காசநோய் பரிசோதனைச் சான்றிதழ் ஆறு மாதம்தான் செல்லும், வங்கியில் காட்டும் பணம் தொடர்ந்து 28 நாள் குறையாமல் இருக்க வேண்டும். மாமாவிடம் வாங்கிப் போட்ட பணத்தை இப்போது திருப்பிக் கொடுத்துவிட்டு டிசம்பர் கடைசியில் மறுபடி கேட்டால் கணக்கு உதைக்கும்.

கேள்வி: வயது 34. எம்.ஏ. வரலாறு ரெகுலரில் சேர்வதற்காக வேலையை விட்டேன். ஐந்து பேர்தான் சேர்ந்தோம் என்று வகுப்பையே தொடங்கவில்லை. “இந்த வயசுல படிப்பு வேணாம்னு கடவுளே சொல்லிட்டார்” என்கிறார் மாமியார். (வாசகி, அம்பத்தூர்)

பதில்: கடவுளுக்கு அந்தக் கல்லூரியின் சேர்க்கை விவரமெல்லாம் தெரியாது, மாமியாரிடம் சொல்லிவிடுங்கள்.

இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவில் ஜனவரி, ஜூலை என வருஷத்துக்கு இரண்டு சேர்க்கை உண்டு. சைதாப்பேட்டையில் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி நிறுவனம் 1981-லிருந்து நடக்கிறது. அங்கீகாரம் பெற்ற தொலைதூரப் பட்டம் ரெகுலர் பட்டத்துக்குச் சமம் என்று 2022-ல் யுஜிசி தெளிவாகவே அறிவித்துவிட்டது. சேரும் முன் அந்தப் படிப்புக்கு இந்த ஆண்டு அங்கீகாரம் இருக்கிறதா என்று யுஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவுத் தளத்தில் பாருங்கள், ‘டெப் ஐடி’ என்று மாணவருக்கான அடையாள எண் ஒன்றும் அங்கே உருவாக்க வேண்டியிருக்கும். வகுப்பறை, பேராசிரியர், பெஞ்சு இதெல்லாம் வேண்டும் என்றுதானே வேலையை விட்டீர்கள், அது தொலைதூரத்தில் கிடைக்காது, பொய் சொல்லமாட்டேன். அதற்கு அடுத்த ஜூன் வரை காத்திருந்து ஒரு அரசு கல்லூரியில் முயற்சி செய்யலாம். எதுவானாலும் பழைய ஆபீஸ் மேனேஜருக்கு இந்த வாரமே ஒரு போன் போடுங்கள், உங்கள் இடத்துக்கு இன்னும் ஆள் எடுத்திருக்கமாட்டார்கள்.

கேள்வி: எங்கள் கோர்ஸில் சேர்ந்த எல்லோரும் வாட்ஸ்அப் குரூப் தொடங்கியிருக்கிறோம். போராடினால் திரும்ப நடத்துவார்களா? (மாணவர், தாம்பரம்)

பதில்: சில சமயம் நடந்திருக்கிறது. 2021-ல் அண்ணா பல்கலைக்கழகம் எம்.டெக். உயிரித் தொழில்நுட்பம் உள்பட இரண்டு படிப்புகளுக்குச் சேர்க்கை இல்லை என்றது. தமிழ்நாட்டின் 69 சதவீத இட ஒதுக்கீடா, மத்திய அரசின் 49.5 சதவீதமா என்ற இழுபறிதான் காரணம். விவகாரம் உயர் நீதிமன்றம் போய், சேர்க்கை நடத்த உத்தரவு வந்தது. 2023-ல் உறுப்புக் கல்லூரிகளில் தமிழ்வழி சிவில், மெக்கானிக்கல் படிப்புகளை நிறுத்துவதாக அதே பல்கலைக்கழகம் அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது. ஆனால் இரண்டும் அரசுப் பல்கலைக்கழகத்தில் நடந்தவை, காரணமும் வேறு. ஆள் இல்லை என்று மூடும் தனியார் கல்லூரியைக் கோஷம் போட்டுத் திறக்க வைக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதற்காக இருக்கிற சீட்டுகளையும் விட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

குரூப்பை வேறு விஷயத்துக்குப் பயன்படுத்துங்கள். ஃபீஸையும் சான்றிதழ்களையும் எல்லோரும் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கேளுங்கள், தனித்தனியாகப் போனால் “அடுத்த வாரம் வாங்க” என்று அனுப்பிவிடுவார்கள். பதில் வராவிட்டால் கல்லூரியின் மாணவர் குறைதீர்க் குழுவுக்கு எழுதுங்கள், 2023 யுஜிசி விதிப்படி அந்தக் குழு இருந்தாக வேண்டும், அதற்கு மேலே பல்கலைக்கழக அளவில் ஓம்பட்ஸ்பர்சன் என்ற குறைகேட்பு அதிகாரி இருக்கிறார். யுஜிசியின் இ-சமாதான் தளத்திலும் புகார் பதியலாம். எதைக் கொடுத்தாலும் தேதி போட்டு, பிரதியில் தபால் பிரிவின் சீல் வாங்கிக்கொண்டு வாருங்கள். சீல் வைப்பவர் சாப்பிடப் போயிருக்கிறார் என்பார்கள், உட்கார்ந்து வாங்குங்கள்.