கட்டன் சாயாவும் காடோலினியமும்

போன மாதம் இதய எம்.ஆர்.ஐ. பற்றி ஒரு வரி எழுதினாலும் எழுதினேன், இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதி அதுதான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. குழித்துறையிலிருந்து தினமும் கேரளா பஸ் பிடித்து, களியக்காவிளை தாண்டிப் போய், இருபத்திரண்டு வருடம் எம்.ஆர்.ஐ. அறையில் டெக்னீஷியனாக இருந்தவள். மாத்திரையை நிறுத்தலாமா, ஸ்டென்ட் வைக்கலாமா என்பதையெல்லாம் உங்கள் டாக்டரிடமே கேளுங்கள்.

அக்கா, அப்பாவுக்கு 61 வயது. ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. மேட்டில் ஏறினால் நெஞ்சைப் பிடிக்கிறது. முட்டுவலியால் டிரெட்மில்லில் நடக்க முடியவில்லை. மருந்து செலுத்தி இதய எம்.ஆர்.ஐ. எடுக்க எழுதித் தந்திருக்கிறார்கள். அந்த மருந்து கிட்னியைக் கெடுக்கும் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். எடுக்கலாமா?
– ஒரு மகள், அருமனை

பக்கத்து வீட்டு அண்ணன் ஆஞ்சியோ மருந்தையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார். ஆஞ்சியோவுக்கும் சி.டி.க்கும் போடுவது அயோடின் கலந்தது. அது எக்ஸ்ரேயை மறைத்துப் படத்தில் தெரியும். எம்.ஆர்.ஐ.க்குப் போடுவது காடோலினியம் என்ற உலோகத்தின் கூட்டுப்பொருள். நாங்கள் 'டை', 'சாயம்' என்று சொன்னாலும் அதில் நிறம் எதுவும் இல்லை, பார்த்தால் பச்சைத்தண்ணீர் மாதிரி இருக்கும். எம்.ஆர்.ஐ. படம் உடம்பிலுள்ள தண்ணீரின் ஹைட்ரஜனிலிருந்து வருவது. காடோலினியம் குட்டிக் காந்தம் மாதிரி பக்கத்துத் தண்ணீரை உசுப்பிவிடும். அது போய்ச் சேர்ந்த இடம் படத்தில் வெளுப்பாகத் தெரியும். 60 கிலோ ஆளுக்கு ஒரு தடவைக்கு 6 முதல் 12 மி.லி. வரை, அவ்வளவுதான்.

அப்பாவுக்கு எதற்கு இது? பேச்சிப்பாறை சானலை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குறைவாக ஓடும்போது புதர் மண்டிய கிளையிலும் ஏதோ போய்க்கொண்டுதான் இருக்கும், அடைப்பு தெரியாது. ஷட்டரை முழுக்கத் தூக்கினால் மற்ற கிளைகள் கரை தொட்டு ஓடும், அந்தக் கிளையின் கடைமடை மட்டும் காய்ந்து கிடக்கும். ஷட்டரைத் தூக்குகிற வேலையைச் செய்வது அடினோசின் என்ற இன்னொரு மருந்து. மூன்று நான்கு நிமிடம் அது ஏறும்போது நல்ல ரத்தக்குழாய்கள் விரிந்து நாலு மடங்கு வரைகூட ரத்தம் ஓடும். சுருங்கிய குழாய் ஏற்கெனவே தன்னால் முடிந்த மட்டும் விரிந்திருப்பதால் அதற்கு மேல் விரியாது. சரியாக அந்த நேரத்தில் மற்றக் கை வழியாகக் காடோலினியத்தை வேகமாக ஏற்றுவோம், நொடிக்கு 4 மி.லி. வீதம். கை சில்லென்று ஆகும், பயப்பட வேண்டாம்.

திரையில் அதைப் பார்ப்பது எனக்குக் கடைசி நாள் வரை அலுக்கவில்லை. முதலில் இதயத்தின் வலது அறை பளிச்சென்று வெளுக்கும். மருந்து நுரையீரலுக்குப் போய்த் திரும்பியதும் இடது அறை வெளுக்கும். அப்புறம் கறுப்பு வளையமாக இருந்த இதயத் தசை சாம்பலாகி மெல்ல வெளுக்கும். ரத்தம் போதாத இடம் மட்டும் வளையத்தின் உள்விளிம்பில் கறுப்பாகவே நிற்கும். இதயத் தசைக்கு உள்பக்கம்தான் கடைமடை. நம்மை ஏமாற்றும் கறுப்புக் கோடு ஒன்றும் உண்டு. அது சில துடிப்புகளில் மறைந்துவிடும், நிஜக் குறைபாடு நின்று காட்டும்.

கிட்னி விஷயத்துக்கு வருகிறேன். அண்ணன் சொன்னதை அடியோடு தள்ளிவிட முடியாது. காடோலினியம் தனியாக இருந்தால் விஷம், அதனால்தான் அதை ஒரு வேதிக் கூண்டில் அடைத்துத் தருகிறார்கள். உடம்பிலிருந்து அது வெளியேறுவது சிறுநீரில். கிட்னி நன்றாக இருந்தால் ஒரு நாளில் பெரும்பகுதி போய்விடும். கிட்னி மிகவும் பழுதானவர்கள் சிலருக்கு இந்த மருந்துக்குப் பிறகு தோல் தடித்து மூட்டு மடங்காமல் போகும் நோய் வந்தது. காரணம் காடோலினியம் என்று 2006-இல்தான் பிடிபட்டது. அதுவரை கிட்னிக்காரர்களுக்கு இதுதான் பாதுகாப்பு என்று நம்பி நாங்களும் போட்டுக்கொண்டிருந்தோம். நோய் வந்தவர்களில் பெரும்பாலோருக்குப் போட்டது தளர்ந்த கூண்டு உள்ள பழைய வகைகள். இறுகிய கூண்டு வகைகளான காடோபியூட்ரால், காடோடெரேட், காடோடெரிடால் ஆகியவற்றில் இந்த ஆபத்து மிகமிகக் குறைவு. ஆகவே இரண்டு காரியம் செய்யுங்கள். அப்பாவின் கிரியாட்டினின், அதாவது கிட்னிக்கான ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டைக் கையில் எடுத்துப் போங்கள். அதிலிருந்து கணக்கிடும் ஜி.எஃப்.ஆர். (கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்ற அளவு) 30-க்குக் கீழே இருந்தால் டாக்டர் யோசித்துத்தான் முடிவு செய்வார். மருந்தின் பெயரையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும். அப்பாவுக்கு ஆஸ்துமா இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அது காடோலினியத்துக்காக இல்லை, அடினோசினுக்காக.

ஸ்கேனுக்கு முந்தைய நாளே சாயா குடிக்கக் கூடாது என்கிறார்கள். பாலும் சர்க்கரையும் போடாமல் ஒரு கிளாஸ் கட்டன் சாயா குடித்தால் என்ன?
– ஒரு டிரைவர், பனச்சமூடு

சர்க்கரை பிரச்சினையே இல்லை. தேயிலையில் இருக்கும் கஃபீன் அடினோசின் போய் ஒட்ட வேண்டிய இடத்தில் முன்கூட்டியே உட்கார்ந்துவிடும். பிறகு எவ்வளவு மருந்து ஏற்றினாலும் ஷட்டர் சரியாகத் திறக்காது. அடைப்பு இருக்கிறவருக்கும் படம் நன்றாக வந்து தொலைக்கும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு பெரியவரிடம் "காபி குடிச்சேளா?" என்று கேட்டேன். இல்லை என்றார். அடினோசின் ஏறுகிறது. சாதாரணமாக ஆட்கள் முகம் சிவந்து, நெஞ்சு கனக்கிறது, மூச்சு முட்டுகிறது என்பார்கள். இவரிடம் மைக்கில் கேட்டால் "சுகமா இருக்கு மோளே" என்கிறார். நாடித்துடிப்பு 68-இல் இருந்து 70. டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வெளியே கொண்டுவந்து விசாரித்தால், விடிகாலை பஸ் ஸ்டாண்டில் இரண்டு கட்டன் சாயா. "நீ காபிதானே கேட்டா?" என்றார். அவர் சொன்னது நியாயம். பொய் சொல்லவில்லை, நான்தான் அரைகுறையாகக் கேட்டிருக்கிறேன். மறுவாரம் வெறும் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு வந்தார். துடிப்பு 90-ஐத் தொட்டது, "நெஞ்சில ஆரோ இரிக்குதது போல" என்றார், வளையத்தின் கீழ்ப்பக்கம் கறுப்பு நின்றது. அன்றிலிருந்து நான் கேட்கும் பட்டியலில் சாயா, கட்டன், காபி, கோலா, சாக்லேட், தலைவலி மாத்திரை எல்லாம் தனித்தனியாக உண்டு. உங்கள் ஆஸ்பத்திரி 12 மணி நேரம் என்றால் 12, 24 என்றால் 24. அடினோசினின் வேலை நிறுத்திய சில நொடிகளிலேயே அடங்கிவிடும். வெளியே வந்ததும் கடைக்குப் போய்க் குடித்துக்கொள்ளுங்கள்.

என் ரிப்போர்ட்டில் 'பத்து நிமிடத்துக்குப் பின் வெளுப்பு' என்று இருக்கிறது. வெளுப்பு என்றால் ரத்தம் போகிறது, நல்லதுதானே?
– ஒரு வாசகர், மார்த்தாண்டம்

வருத்தத்தோடு சொல்கிறேன், இங்கே கணக்கு தலைகீழ். மருந்து ஏறும் முதல் நிமிடத்தில் வெளுப்பு நல்லது. பத்து நிமிடம் கழித்து நல்ல தசையிலிருந்து மருந்து பெரும்பாலும் வடிந்திருக்கும். செல்கள் செத்துத் தழும்பான இடத்தில் மட்டும் இடுக்குகளில் தேங்கி வெளுப்பாகத் தெரியும். எனவே அது பழைய மாரடைப்பின் தழும்பாக இருக்கலாம். தசையின் தடிமனில் எத்தனை பங்கு வெளுத்திருக்கிறது என்று பாருங்கள். பாதிக்கும் குறைவானால் ரத்த ஓட்டத்தைச் சரிசெய்யும்போது அந்தப் பகுதி தேறும் வாய்ப்பு அதிகம். வேறு சில இதய நோய்களிலும் வெளுப்பு வரும், அங்கே அது பெரும்பாலும் உள்விளிம்பில் தொடங்காது. டாக்டரிடம் வெளுப்பு எங்கே, எவ்வளவு என்று இந்த இரண்டையும் கேளுங்கள்.

எனக்குக் கணவாய் மீன் சாப்பிட்டால் தடிப்பு வரும். இந்த மருந்து போடலாமா?
– கொல்லங்கோடு

போடலாம், கணவாய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் முன்பு காடோலினியம் போட்டே தடிப்பு வந்திருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும்.

நம் மணவாளக்குறிச்சி மண்ணிலும் காடோலினியம் இருக்கிறதாமே?
– ஒரு கல்லூரி மாணவர், மண்டைக்காடு

இருக்கிறது தம்பி, கொஞ்சமாக. நம் கரை மணலில் உள்ள மோனசைட் என்ற கனிமத்தில் அதிகம் இருப்பது சீரியம், லாந்தனம், நியோடிமியம் போன்ற உலோகங்கள், கூடவே கதிர்வீச்சுள்ள தோரியம். திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் ஷோம்பர்க் என்ற ஜெர்மன்காரர் 1909-இல் இங்கே மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். ஆனால் இதய எம்.ஆர்.ஐ.க்கு முதலில் முயன்று பார்த்த உலோகங்களில் மாங்கனீசும் உண்டு. எம்.ஆர்.ஐ.க்காக 2003-இல் நோபல் பரிசு பெற்ற பால் லாட்டர்பர், 1978-லேயே ரத்தக்குழாயைக் கட்டிய நாய்களுக்கு மாங்கனீசு உப்பைக் கொடுத்து, கெட்ட தசையைப் பிரித்துக் காட்டினார். முதல் காடோலினியம் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1988-இல். மண்ணைப் புட்டியில் அடைத்து எனக்கு அனுப்புவதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம், தோரியம் இருக்கிறது என்று இப்போதுதானே சொன்னேன்.