எந்த ஒளிக்கு எந்த உலோகம் மசியும்? ஒளிமின் விளைவு: கேள்வி பதில்

உலோகத்தின் மேல் ஒளி பட்டு எலக்ட்ரான் வெளியேறுவதுதான் ஒளிமின் விளைவு. அப்படி வெளியேற வேண்டிய குறைந்தபட்ச ஆற்றல் வெளியேற்று ஆற்றல்; அதை எலக்ட்ரான் வோல்ட் என்ற அலகில் சொல்வோம். இதைப் பற்றி வடசென்னைப் பக்கமிருந்து வந்த கேள்விகள் இவை. தேர்வுக்குப் படிப்பவர்கள் முதல் கேள்வியோடு நின்றுவிட வேண்டாம். விஷயமே இரண்டாவதில்தான் இருக்கிறது.

வியாசர்பாடி, பிளஸ் டூ மாணவி: சோடியத்தின் வெளியேற்று ஆற்றல் 2.3 எலக்ட்ரான் வோல்ட். 600 நானோமீட்டர் ஒளி பட்டால் எலக்ட்ரான் வருமா சார்? எது பெரிதாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் குழம்புகிறது.

வராதும்மா. 1240-ஐ வெளியேற்று ஆற்றலால் வகுத்தால் பயன்தொடக்க அலைநீளம், அதாவது எலக்ட்ரானை வெளியேற்றக்கூடிய மிக நீண்ட அலைநீளம், நானோமீட்டரிலேயே கிடைத்துவிடும். இங்கே சுமார் 539, அதாவது பச்சை. அலைநீளம் அதைத் தாண்டினால் ஃபோட்டானுக்கு, அதாவது ஒளித்துகளுக்கு, தெம்பு போதாது. குழம்பினால் ஒளியையும் எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மாற்றிவிடு: 1240/600 = 2.07. 2.3-ஐ விடக் குறைவு, கணக்கு முடிந்தது. வேறு புத்தகத்தில் சோடியத்துக்கு 2.28, 2.36 என்று பார்த்தால் பதறாதே. உலோகப் பரப்பின் நிலையைப் பொறுத்து இந்த எண் மாறும். ஒரே வெள்ளிப் படிகத்தில்கூட முகத்துக்கு முகம் 4.52 முதல் 4.74 வரை போகிறது. வினாத்தாள் தரும் எண்ணையே போடு.

காசிமேடு, பள்ளி ஆசிரியை: துத்தநாகத் தகட்டைத் தங்க இலை நிலைமின்காட்டியில் பொருத்தி, கடையில் வாங்கிய 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச்சை அடித்தேன். இலைகள் அசையவே இல்லை. பிள்ளைகள் முன்னால் சங்கடமாகிவிட்டது.

உங்கள் கருவியில் பழுதில்லை டீச்சர், இயற்பியல் சரியாகத்தான் நடந்திருக்கிறது. 365 நானோமீட்டர் ஃபோட்டானுக்கு 3.4 எலக்ட்ரான் வோல்ட்தான். துத்தநாகம் கேட்பது சுமார் 4.3. எத்தனை டார்ச் அடித்தாலும் ஒன்றும் நடக்காது. 254 நானோமீட்டர் தரும் கிருமிநாசினி விளக்கு வேண்டும், அதில் 4.9 வருகிறது.

அடுத்தது தகடு. கடல்காற்றில் சீக்கிரமே மங்கிப்போகும். செய்வதற்குச் சற்று முன் உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்துவிடுங்கள். மின்னூட்டம் ஏறினால் இலை விரியும், எலக்ட்ரான் வெளியேறி மின்னூட்டம் குறைந்தால் இறங்கும். அதனால் தகட்டில் எதிர் மின்னூட்டம் (நெகட்டிவ்) இருக்க வேண்டும்: பிவிசி குழாயைக் கம்பளியில் தேய்த்துத் தகட்டில் தொடுங்கள். பட்டில் தேய்த்த கண்ணாடித் தண்டைத் தொட்டிருந்தால் நேர் மின்னூட்டம் ஏறியிருக்கும், இலை விழாது. ஈரக்காற்றில் மின்னூட்டம் தானாகவே கசியும் என்பதால், விளக்கில்லாமல் இலை நிற்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எல்லாம் சரியாக அமைந்து இலை இறங்கத் தொடங்கியதும், நடுவில் ஒரு ஜன்னல் கண்ணாடித் துண்டை நீட்டுங்கள். இறக்கம் அப்படியே நின்றுவிடும். கண்ணாடியின் வழியே விளக்கு பளிச்சென்று தெரியும், ஆனால் வேலை செய்த கதிர் மட்டும் வராது. பிள்ளைகள் பார்க்க வேண்டியது அந்த நொடியைத்தான். ஒன்று மட்டும் கண்டிப்பு: இந்த விளக்கு கண்ணையும் தோலையும் சுட்டுவிடும். அட்டைப்பெட்டிக்குள் வைத்து, ஒளி தகட்டின் மேல் மட்டும் விழும்படி செய்யுங்கள்.

தண்டையார்பேட்டை, வெல்டிங் பட்டறைக்காரர்: வெல்டிங் வெளிச்சத்திலும் இது நடக்குமா?

நடக்கும் அண்ணே. இரும்புக்குச் சுமார் 4.5 எலக்ட்ரான் வோல்ட், அதாவது 275 நானோமீட்டருக்குக் கீழே போக வேண்டும். உங்கள் வில்லொளியில் அது தாராளமாக இருக்கிறது. 1888-இல் ஹால்வாக்ஸ் என்ற ஜெர்மன் இயற்பியலாளர் துத்தநாகத் தகட்டில் அடித்துப் பார்த்ததும் வில்விளக்கு ஒளியைத்தான். உங்கள் கண்ணை உறுத்துவதும் அதே புற ஊதாக் கதிர்தான், ஷீல்டு இல்லாமல் ஒரு பொட்டுகூட வைக்காதீர்கள்.

திருவொற்றியூர், கல்லூரி மாணவர்: சிவப்பு ஒளியையே மிகப் பிரகாசமாக அடித்தால், ஆற்றல் சேர்ந்து சேர்ந்து எலக்ட்ரான் வெளியேறாதா?

அலைக் கொள்கைப்படி வெளியேற வேண்டும், தம்பி. ஆனால் பிரகாசத்தைக் கூட்டினாலும் எலக்ட்ரானின் உச்ச ஆற்றல் கூடவில்லை என்று 1902-இல் இயற்பியலாளர் லெனார்டு காட்டிவிட்டார். ஒரு ஃபோட்டான் ஒரு எலக்ட்ரானிடம் ஒரே தடவையில் ஆற்றலைக் கொடுக்கிறது என்று 1905-இல் ஐன்ஸ்டீன் விளக்கினார். அமெரிக்க இயற்பியலாளர் மில்லிகனுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் பாடுபட்டு அளந்தார். ஒளியின் அதிர்வெண் கூடக்கூட எலக்ட்ரானின் உச்ச ஆற்றல் எப்படிக் கூடுகிறது என்று 1916-இல் அவர் வெளியிட்ட நேர்கோடு ஐன்ஸ்டீன் சமன்பாட்டோடு அச்சாகப் பொருந்தியது. தனக்கு நம்பிக்கையில்லாத கருத்துக்கு ஒருவர் இத்தனை நேர்மையாகச் சான்று தந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. மிகத் தீவிரமான லேசரில் பல ஃபோட்டான்கள் சேர்ந்து ஒரு எலக்ட்ரானை வெளியேற்றுவதும் உண்டு, ஆனால் சாதாரண விளக்கில் அதை எதிர்பார்க்க முடியாது.

பெரம்பூர், இல்லத்தரசி: மொட்டைமாடி சோலார் பேனலும் இதுதானா?

நெருங்கிய சொந்தம், ஆனால் அதே இல்லைம்மா. பேனலில் எலக்ட்ரான் வெளியே வருவதில்லை, சிலிக்கானுக்குள்ளேயே விடுபட்டு ஓடுகிறது. அதற்கு 1.1 எலக்ட்ரான் வோல்ட் போதும். அதனால்தான் சாதாரண வெயிலே வேலை செய்கிறது.