சனல் இரும்பு: நிறுத்துவதா, படுக்க வைப்பதா?

கொழும்பில் வீடு, கடை கட்டுகிறவர்கள் சனல் இரும்பு பற்றிக் கேட்டவையும் என் பதில்களும். சனல் என்பது ‘ப’ வடிவ நீள இரும்பு: அகன்ற முதுகு, அதன் இரு ஓரத்திலும் ஒரே பக்கம் நீளும் விளிம்பு. முதுகு செங்குத்தாக இருந்தால் நிறுத்தி வைப்பது, மட்டமாகக் கிடந்தால் படுக்க வைப்பது.

கொட்டாஞ்சேனையிலிருந்து: அண்ணா, மொட்டை மாடியில் 1000 லீற்றர் தண்ணீர்த் தாங்கி வைக்க நாலு இஞ்சிச் சனல் இரண்டு போடுகிறோம். சுவருக்குச் சுவர் 10 அடி. படுக்க வைத்தால் தாங்கி வசதியாக உட்காரும் என்கிறார் வெல்டிங் பாஸ். சரியா?

வேண்டாம் தம்பி. நாலு இஞ்சிச் சனலை, அதாவது முதுகு 100, விளிம்பு 50 மில்லிமீற்றர் உள்ள 100க்கு 50 சனலை, நிறுத்தி வைத்தால், தொய்வை எதிர்க்கும் வலு படுக்க வைப்பதைவிட ஏறக்குறைய 7 மடங்கு. 1000 கிலோ தண்ணீரை இரண்டு சனலிலும் சமமாகப் பரப்பிக் கணக்குப் போட்டால், நிற்கிற சனல் நடுவில் 5 மில்லிமீற்றர் அளவுக்குத் தொய்யும். படுத்த சனல் 30 மில்லிமீற்றரைத் தாண்டும். அதைவிட மோசம், சாதாரண இரும்பு திரும்ப நிமிராமல் வளையத் தொடங்கும் எல்லையையே அது தொட்டுவிடும். இத்தனைக்கும் தாங்கியின் எடையை நான் சேர்க்கவே இல்லை. நிறுத்தியே வைக்கச் சொல்லுங்கள். மேலே குறுக்குச் சட்டமும் முழுத் தகடும் போட்டால் தாங்கி நன்றாகவே உட்காரும்.

அவரே: நிறுத்தினால் முறுக்கிக்கொள்ளாதா?

முறுக்கப் பார்க்கும். சனலுக்கு ஒரு பக்கம் முதுகு, மறுபக்கம் திறப்பு. முறுக்காமல் பாரம் ஏற்க வேண்டுமானால் அந்தப் பாரம் முதுகுக்கும் வெளியே இறங்க வேண்டும். அங்கே இரும்பே இல்லை. அதனால் ஒற்றைச் சனலைத் தனியாக விடாதீர்கள். இரண்டையும் முனைகளிலும் நடுவிலும் குறுக்குத் துண்டுகளால் இறுக்கிப் பிணையுங்கள்.

தெஹிவளையிலிருந்து: கூரைத் தகரத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டமாக சி பர்லின் போதுமா?

தகரக் கூரைக்குப் போதும். அது மெல்லிய தகட்டை மடித்துச் செய்தது, சூட்டில் உருட்டிய சனல் அல்ல. தாங்கி வைக்கும் வேலைக்கு எடுக்காதீர்கள். சரிவான கூரையில் திறந்த பக்கம் மேட்டைப் பார்த்து இருக்கட்டும், முறுக்கு குறையும்.

பம்பலப்பிட்டியிலிருந்து: உயர்தர இரும்பு வாங்கினால் தொய்வு குறையுமா?

குறையாது. உடையும் வலுதான் கூடும். தொய்வைக் குறைக்க ஆழமான, அதாவது முதுகு இன்னும் அகன்ற, சனல் எடுத்து நிறுத்தி வையுங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து: கடற்கரைப் பக்கம் வீடு. கறள் பிடிக்காமல் என்ன செய்யலாம் ஐயா?

உப்புக் காற்றுக்கு வெறும் பெயின்ற் நெடுநாள் நிற்காது அம்மா. வெட்டி, துளைத்து, வெல்டிங் எல்லாம் முடித்த பிறகு நாகக் குளியலுக்கு, அதாவது உருக்கிய நாகத்தில் (zinc) தோய்த்துப் பூச்சு ஏற்றக் கொடுங்கள். முன்பே பூசியதை வெல்டிங் செய்தால் அந்த இடத்தில் பூச்சு எரிந்துவிடும், கறள் அங்கேதான் தொடங்கும். திறந்த பக்கம் வானத்தைப் பார்த்து இருந்தால் மழைத் தண்ணீர் தேங்கும். அப்படி வைத்தே ஆக வேண்டுமென்றால் வடிகால் துளை போடுங்கள்.

மட்டக்குளியிலிருந்து: பழைய சோனகத் தெருவில் வாங்கப் போகிறேன். தடிப்புக் குறைந்ததைத் தந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

எடை போட்டுப் பாருங்கள். முதுகு 5 மில்லிமீற்றர் தடிப்புள்ள 100க்கு 50 சனல் மீற்றருக்கு ஏறக்குறைய 9.4 கிலோ, 6 மீற்றர் நீளம் 56 கிலோ வர வேண்டும். ஒன்றிரண்டு கிலோ முன்பின் இருக்கலாம். 45 கிலோதான் என்றால் வாங்காமல் அடுத்த கடைக்குப் போங்கள்.