“அழுதால் மையித்துக்கு வேதனையா?”

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் ராத்தா. என் மகன் பதினான்கு மாதத்தில் டெங்குக் காய்ச்சலில் மௌத்தாகி நாற்பத்தைந்து நாள் ஆகிறது. அழுதால், “மையித்துக்கு (இறந்தவருக்கு) வேதனை” என்று தடுக்கிறார்கள். நான் வேலைக்குப் போன பாவம்தான் பிள்ளையைப் பிடித்தது என்கிறார் மாமி. இன்னொருவர், “வளர்ந்தால் கெட்டுப்போயிருப்பான், அதான் அல்லாஹ் எடுத்துக்கொண்டான்” என்று ஆறுதல் சொன்னார். அவன் தூளியை நான் இன்னும் அவிழ்க்கவில்லை. அதற்கும் வீட்டில் சண்டை. தொழ நின்றால், “ஏன் எனக்கு?” என்பதைத் தவிர எதுவும் வருவதில்லை. என் ஈமான் (இறைநம்பிக்கை) போய்விட்டதா?
– ஒரு சகோதரி, அதிராம்பட்டினம்

பதில்: வ அலைக்குமுஸ்ஸலாம் தங்கச்சி. ஈமான் எங்கும் போகவில்லை. ஏன் என்று அல்லாஹ்விடம்தானே கேட்கிறாய்?

நபி (ஸல்) அவர்களுக்கு ஏழு பிள்ளைகள். ஃபாத்திமா (ரலி) தவிர ஆறு பேரையும் தம் கண்முன்னே பறிகொடுத்தவர்கள் அவர்கள். கடைசி மகன் இப்ராஹீம், பால்குடி மாறாத வயதில் போனவர். பாலூட்டிய தாயின் கணவர் ஒரு கொல்லர். அந்த வீட்டுக்குப் போய்ப் பிள்ளையை வாங்கி, முத்தமிட்டு, முகர்ந்து பார்த்தார்கள் என்று புகாரி என்ற நபிமொழித் தொகுப்பில் வருகிறது. பால்மணம் மாறாத பிள்ளையை முகர்வது என்னவென்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அதே பிள்ளை உயிர் பிரியும் நேரம், அவர்கள் கண்ணில் நீர் வழிந்தது. “தாங்களுமா, அல்லாஹ்வின் தூதரே?” என்று அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) கேட்டார். “இது ரஹ்மத் (இரக்கம்)” என்றார்கள். அப்புறமும் அழுதார்கள். கண் நீர் சிந்துகிறது, உள்ளம் துயரப்படுகிறது, ஆனால் நம் இறைவன் பொருந்திக்கொள்வதைத் தவிர வேறெதையும் சொல்லமாட்டோம் என்றார்கள். மகனின் பெயர் சொல்லி, உன் பிரிவால் நாங்கள் துயரத்தில் இருக்கிறோம் என்றும் சொன்னார்கள். அவர்கள் அழுத அழுகையை உனக்கு யார் தடுப்பது?

மையித்துக்கு வேதனை என்று ஹதீஸ் (நபிமொழி) இருக்கிறதுதான். அதைக் கேட்ட ஆயிஷா (ரலி) அவர்கள், “ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்கமாட்டார்” என்ற குர்ஆன் வசனத்தை எடுத்துக்காட்டி மறுத்தார்கள். மார்பில் அடித்து ஒப்பாரி வைப்பதைத்தான் அது குறிக்கிறது என்று விளக்கிய உலமாக்களும் (மார்க்க அறிஞர்களும்) உண்டு. எப்படிப் பார்த்தாலும், சத்தமில்லாமல் தலையணை நனைவதை அது தடுக்கவில்லை. அதே வசனம் உன் மாமிக்கும் பதில்தான். நீ பாவமே செய்திருந்தாலும் அதை உன் பிள்ளை தலையில் அல்லாஹ் ஏற்றமாட்டான்.

மரணத்தோடு எதையாவது முடிச்சுப் போடுகிறவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. இப்ராஹீம் மௌத்தான அன்று சூரிய கிரகணம் பிடித்தது. அவருக்காகத்தான் பிடித்தது என்று சனங்கள் பேசிக்கொண்டார்கள். மகனை இழந்த தகப்பனுக்கு அது பெருமைப் பேச்சு. ஆனாலும் நபியவர்கள் ஏற்கவில்லை. எவருடைய மரணத்துக்காகவும் வாழ்வுக்காகவும் சூரியனோ சந்திரனோ கிரகணம் பிடிப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

“கெட்டுப்போயிருப்பான்” என்ற பேச்சுதான் எனக்கு அதிகம் கோபம் தருகிறது. குர்ஆனின் கஹ்ஃபு சூராவில், வளர்ந்தால் பெற்றோரை வழிகெடுப்பான் என்று ஒரு பையனின் உயிரை எடுத்த கிள்ரு (அலை) சம்பவத்தை வைத்துச் சொல்கிறார்கள். அந்தப் பையனைப் பற்றிய அறிவை அல்லாஹ்வே அவருக்குக் கொடுத்திருந்தான். கூட இருந்த மூஸா (அலை) அவர்களுக்கே அது தெரியவில்லை, பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டார்கள். உன் தெருவில் யாருக்கு அந்த அறிவு இறங்கியது?

1987-ல் என் இரண்டாவது மகள் ஏழு மாதத்தில் போனாள். வந்தவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு காரணம் வைத்திருந்தார்கள். கண்ணேறு என்றார்கள், நான் பெருநாளன்று அவளுக்குப் புதுச்சட்டை போட்டதைக்கூடச் சொன்னார்கள். அடுத்த வீட்டு வயதான உம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. தினமும் அஸர் தொழுகைக்குப் பிறகு வருவார், என் அடுப்படியில் உட்கார்ந்து பூண்டு உரிப்பார். மஃரிபு பாங்கு சொன்னதும், “எழும்பு, ஒளு செய்” என்று தொழுகைக்குக் கைகால் கழுவச் சொல்வார், அவ்வளவுதான். அவர் விரல்களில் ஒட்டிய அந்தப் பூண்டுத்தோல் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

காரணம் எனக்கு இன்றுவரை தெரியாது. யஃகூப் (அலை) காணாமல்போன மகன் யூசுஃபை நினைத்து அழுது அழுது கண் வெளுத்துப்போனார்கள். வீட்டார் குறை சொன்னபோது, என் துக்கத்தையும் கவலையையும் அல்லாஹ்விடமே முறையிடுகிறேன் என்றார்கள். அழகிய பொறுமை என்று வாய்விட்டுச் சொன்னவர்களும் அவர்கள்தான். தொழுகைப் பாயில் உனக்கு வருவது அந்த முறையீடுதான். ஸுஜூதில் தலை வைத்து அதையே உன் தமிழில் துஆவாகச் சொல். தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் டாக்டரிடமும் போ. மருந்து இல்லாமல் எந்த நோயையும் அல்லாஹ் இறக்கவில்லை.

சிறு வயதில் மௌத்தான பிள்ளைகள் சொர்க்கத் தோட்டத்தில் இப்ராஹீம் நபி (அலை) அவர்களைச் சுற்றி இருப்பதாக நபியவர்கள் கனவில் கண்டார்கள். உன் மகனும் என் மகளும் அங்கே இருப்பார்கள் என்றுதான் நான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

தூளி இருக்கட்டும். அதில் பாவம் ஒன்றும் இல்லை. உன் மாமியும் பேரனை அதில் போட்டு ஆட்டியவர்தானே? அவிழ்க்கத் தோன்றும் நாளில் அவரையும் கூப்பிடு, ஒரு முனையை அவர் பிடித்துக்கொள்ளட்டும்.