ஜப்பானிய ஊமைப்பட நடிகர் ஓனோவே மாட்சுனோசுகே உண்மையிலேயே 1000 படங்களில் நடித்தாரா?

ஆயிரத்துக்கும் மேல் என்றுதான் சொல்கிறார்கள், நம்பலாம். ஊர் ஊராகப் போய் கபுகி என்ற ஜப்பானிய மரபு நாடகம் போட்டுக்கொண்டிருந்த இவரை 1909-இல் சினிமாவுக்குக் கூட்டிவந்தவர் இயக்குநர் மாகினோ ஷோசோ. அப்போதெல்லாம் படங்கள் ரொம்பக் குட்டி, கேமராவை ஒரே இடத்தில் நிறுத்தி, நாடகத்தில் பழகிய சண்டையை அப்படியே பிடித்துவிடுவார்கள், கதை சொல்ல தியேட்டரில் பென்ஷி என்று ஒருவர் இருப்பார், அதனால் சில நாட்களிலேயே ஒரு படம் தயார். சாமுராய், நிஞ்ஜா, புகையில் மறைந்து தவளையாக மாறுவது எல்லாம் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். கண்ணை உருட்டி விழிப்பதால் ‘முட்டைக்கண் மாட்சான்’ என்ற செல்லப்பெயர் வேறு! அப்புறம், 1926-இல் இறந்துவிட்டார். மிகச் சில படங்கள்தான் மிஞ்சியிருக்கின்றன. 1921-இல் வந்த ‘ஜிராயா’ கிடைத்தால் பாருங்கள், கதையைவிட அந்தக் கேமரா வித்தைகள்தான் சுவாரசியம்.