பொத்தானா, தொடுதிரையா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 2010-இல் வந்த, கீழே எழுத்து விசைகள் உள்ள கிண்டில் (அமேசானின் மின்னூல் கருவி) வைத்திருக்கிறேன். நன்றாகவே ஓடுகிறது. புதிது வாங்கினால் அப்படி என்ன கூடுதலாகக் கிடைத்துவிடும்?

பதில்: எழுத்தின் கூர்மை, வெளிச்சம் ஆகிய இரண்டும்தான். உங்கள் 6 அங்குலத் திரையில் அங்குலத்துக்கு 167 புள்ளிகள். 2015-இல் வந்த பேப்பர்வைட் என்ற தொடுதிரைக் கிண்டிலில் அது 300. ஆங்கில நூல்களில் இந்த வித்தியாசம் அவ்வளவாக உறுத்தாது. தமிழில் எழுத்தைச் சிறிதாக்கிப் பாருங்கள்: ‘ண’வின் சுழிகள் அப்பிக்கொள்ளும், ‘ன்’ மேலுள்ள புள்ளி எழுத்தோடு ஒட்டிவிடும். பெரிதாக்கினாலோ வரிக்கு மூன்று நான்கு சொற்கள்தான் பிடிக்கும். பக்கம் புரட்டியே விரல் ஓய்ந்துபோகும்.

வெளிச்சம் கிண்டிலுக்கு வந்தது 2012 பேப்பர்வைட்டில்தான். ஓரத்திலுள்ள எல்இடி விளக்குகள் திரையின் மேல் ஒளியைப் பரப்பும். பகலில் மட்டும் படிப்பவருக்கு இதனால் பெரிய லாபமில்லை. பதிலுக்கு, பக்கம் புரட்ட இருபுறமும் உள்ள பொத்தான்களையும் ஹெட்போன் துளையையும் இழப்பீர்கள். ஆங்கிலம் மட்டும், அதுவும் பகலில் படிப்பவரென்றால் அவசரப்பட வேண்டாம்.

கேள்வி: நின்றபடி ஒற்றைக் கையில் படிப்பவன் நான். தொடுதிரையில் விரல் பட்டாலே பக்கம் ஓடிவிடுகிறது. பொத்தானுள்ள புதிய கருவி உண்டா?

பதில்: கிண்டிலில் கடைசிப் பொத்தான் ஒயாசிஸ் என்ற மாடலில் இருந்தது; 2024-இல் அதையும் நிறுத்திவிட்டார்கள். யாரோ பயன்படுத்திய ஒயாசிஸ் கிடைத்தால் 2019 மாடலாகப் பாருங்கள். 7 அங்குலத் திரை, மஞ்சளாக மாற்றிக்கொள்ளும் வெளிச்சம். பேட்டரிதான் இதன் பலவீனம். வெளிச்சத்தைப் பாதியளவில் வைத்து ஒரு மணி நேரம் படித்துவிட்டு சதவீதத்தைப் பாருங்கள். 10-க்கு மேல் இறங்கியிருந்தால் விட்டுவிடலாம்.

மற்றபடி, கோபோ என்ற வேறு நிறுவனத்தின் மின்னூல் கருவிகளான லிப்ரா 2 (2021), லிப்ரா கலர் (2024) இரண்டிலும் பொத்தான் உண்டு. கருவியைத் தலைகீழாகத் திருப்பினால் பக்கமும் திரும்பிக்கொள்ளும் என்பதால் இடக்கைக்காரருக்கும் தோது. கலர் திரையில் கறுப்பு எழுத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி, வண்ணத்துக்கு 150. வண்ணத்துக்கான வடிகட்டி மேலே இருப்பதால் பின்னணி சற்றே சாம்பல் பூத்துத் தெரியும். நாவல் படிக்க லிப்ரா 2 போதும்.

கேள்வி: பழைய கிண்டிலில் யுனிகோட் தமிழ்க் கோப்பை ஏற்றினால் ‘கெ’, ‘கொ’ எல்லாம் உடைந்து வருகின்றன. எழுத்துருவை மாற்றலாமா?

பதில்: மாற்றிப் பயனில்லை. யுனிகோடில் ‘க’ முதலில், கொம்பு அதற்குப் பிறகு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படும். கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது கருவியிலுள்ள மென்பொருளின் வேலை. பழையதற்கு அது தெரியாது.

எழுத்துருவைத் தன்னுள்ளேயே கொண்ட பிடிஎஃப்தான் வழி. லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளில் பக்க அளவை 9 × 12 செ.மீ. என்றும், நான்கு ஓரங்களையும் 0.3 செ.மீ. என்றும் வையுங்கள். தலைப்புப் பட்டி, அடிப்பட்டி வேண்டாம். நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துரு, எழுத்தளவு 12. வரிகளை இடப்பக்கம் மட்டும் சீராக்குங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. இரு பக்கமும் சீராக்கினால் நடுவே பொக்கை விழும். பிடிஎஃப்பாக ஏற்றுமதி செய்து, யுஎஸ்பி வழியே ‘டாக்குமெண்ட்ஸ்’ கோப்புறையில் போடுங்கள். ஏ4 அளவிலேயே விட்டுவிட்டால் எழுத்து எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். பிடிஎஃப்பில் எழுத்தளவைப் பிறகு மாற்ற முடியாது. எனவே முதலில் ஐந்து பக்கம் மட்டும் செய்து கண்ணுக்குச் சரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அதே 2010 மாடல். மூன்று வாரம் நின்ற சார்ஜ் இப்போது இரண்டே நாளில் தீர்கிறது. பேட்டரி போய்விட்டதா?

பதில்: பேட்டரி மேல் பழி போடுமுன் ஒரு சோதனை. ஒவ்வொரு புத்தகத்துக்கும், சொல்லைத் தேட உதவும் அட்டவணை ஒன்றைக் கருவி தயாரிக்கும். பழுதான கோப்பு ஒன்று மாட்டினால் அங்கேயே சிக்கி, உறங்காமல் சார்ஜைத் தின்னும். முகப்புத் திரையில் அர்த்தமில்லாத ஐந்தாறு ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தேடுங்கள். இன்னும் அட்டவணையிடாத நூல்கள் இருந்தால் தேடல் முடிவில் பட்டியலாகக் காட்டும். ஓர் இரவு சார்ஜில் விட்டபின்னும் அதே நூல் நின்றால் அதை அழித்துவிட்டு, மின்விசையை நகர்த்தி 40 விநாடி பிடித்து மறுதொடக்கம் செய்யுங்கள். நூறு புத்தகத்தை ஒரே மூச்சில் ஏற்றுவதும் இந்தத் தொல்லையை இழுக்கும். இருபது இருபதாக ஏற்றுங்கள்.

பட்டியல் காலி, வைஃபையும் அணைத்தாயிற்று, அப்படியும் இரண்டே நாள் என்றால் பேட்டரிதான். 3.7 வோல்ட், 1,750 மில்லி ஆம்பியர் மணி கொண்டது தேவை. பின்மூடியைப் பிளாஸ்டிக் நெம்பியால் கிளப்புங்கள், கத்தி வேண்டாம். மூடி புடைத்திருந்தால் சார்ஜ் போடாதீர்கள், அழுத்தவும் கூடாது.

கேள்வி: என் 2010 கிண்டிலில் ‘அடுத்த பக்கம்’ பொத்தான் இரண்டு முறை அழுத்தினால்தான் வேலை செய்கிறது.

பதில்: பெரும்பாலும் இடுக்கில் சேர்ந்த அழுக்கு. கருவியை அணைத்து, 90 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்துப் பிழிந்த பஞ்சுக் குச்சியால் பொத்தானின் விளிம்பைத் துடைத்து, இருபது முறை அழுத்தி விடுங்கள். அரை மணி நேரம் காயட்டும். நேராகத் தெளிக்காதீர்கள், திரைக்குள் இறங்கிவிடும். சரியாகாவிட்டால் மறுபக்கத்திலும் அதே பொத்தான் இருக்கிறதே!