பார்க்கும் கணக்கு, தொடும் கணக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணினிப் பிரிவைக் கவனித்துக்கொள்கிறேன். இரண்டு கட்டடங்களில் 140 விண்டோஸ் கணினிகள், நான்கு சர்வர்கள், இவற்றை வலையமைப்பில் இணைக்கும் பன்னிரண்டு ஸ்விட்சுகள். துணைக்கு ஓர் இளைஞர் இருக்கிறார். மென்பொருள் அப்டேட் என்றால் இன்றும் மேசை மேசையாகப் போய்த்தான் செய்கிறோம். ஒரு ஸ்விட்ச் நின்றுபோனால் தையல் பிரிவிலிருந்து தொலைபேசி வந்த பிறகே எங்களுக்குத் தெரிகிறது.

மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் திறந்தமூலக் கருவிகளைக் கொண்டு இவற்றைத் தானியங்கியாக்க எண்ணுகிறேன். கண்காணிக்க ஜாபிக்ஸ், மென்பொருள் நிறுவ சாக்லேட்டி, எல்லாவற்றையும் இயக்க ஆன்சிபிள். மூன்றையும் ஒரே சர்வரில் வைத்து, எல்லாக் கணினிகளையும் ஆளும் டொமைன் அட்மின் கடவுச்சொல்லையும் அதிலேயே கொடுத்துவிட்டால் வேலை சுலபமாகிவிடும் அல்லவா? மேலாளரின் கேள்வி வேறு. "காசு கொடுத்து வாங்கினால் தவறு நடக்கும்போது கேட்க ஓர் ஆள் இருப்பார். இலவசத்துக்கு யார் பொறுப்பு?" என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

ஒரு வாசகர், திருப்பூர்


அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் மூன்று கருவிகளும் நல்லவை. அவற்றை மாற்றச் சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாம் ஒரே சர்வரில், அதுவும் டொமைன் அட்மின் அதிகாரத்தோடு என்ற முடிவை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள்.

கண்காணிப்பு பார்க்கும் வேலை, நிறுவுதல் தொடும் வேலை. இரண்டுக்குமான அதிகாரம் ஒரே கணினியில் குவிந்தால் அந்த ஒன்றைப் பிடித்தவன் நிறுவனம் முழுவதையும் பிடித்துவிடுகிறான். 2020இல் சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தின் ஓரியன் என்ற கண்காணிப்பு மென்பொருளின் அப்டேட்டுக்குள் தாக்குபவர்கள் தங்கள் நிரலைச் செருகிவிட்டார்கள். ஏறத்தாழ 18,000 வாடிக்கையாளர்கள் வரை அந்த அப்டேட்டை வாங்கியிருந்தார்கள். அமெரிக்க அரசின் கருவூலத் துறையும் பாதிக்கப்பட்டது. அது வெளியே தெரியவந்ததே அந்த ஆண்டு டிசம்பரில்தான். கண்காணிப்பு சர்வர் வலையமைப்பின் எல்லா மூலைகளோடும் பேசும், பல இடங்களில் அதன் கையில் பெரிய அதிகாரமும் இருக்கும். தாக்குபவனுக்கு அதைவிட வசதியான இடம் வேறில்லை. ஓரியன் விலைகொடுத்து வாங்கிய மென்பொருள் என்பதையும் உங்கள் மேலாளரிடம் சொல்லுங்கள்.

ஆகவே ஜாபிக்ஸை முதலில் தனியாக நிறுவுங்கள். லாட்வியாவில் அலெக்ஸி விளாடிஷெவ் தொடங்கிய இந்த மென்பொருள் 2001 முதல் பொதுவெளியில் இருக்கிறது. விண்டோஸ் கணினிகளில் அவற்றின் நிலவரத்தைச் சொல்லும் அதன் ஏஜென்ட் சிறிய சேவையாக ஓடும். சர்வர் அனுப்பும் கட்டளையை இயக்குவதற்கு அந்த ஏஜென்ட் தானாக இசையாது, நாமே அமைப்புக் கோப்பில் அனுமதி கொடுக்க வேண்டும். அந்த அனுமதியைக் கொடுக்காதீர்கள். நின்றுபோன சேவையை ஜாபிக்ஸே மீண்டும் தொடங்கிவிடட்டும் என்ற ஆசை சில வாரங்களில் நிச்சயம் வரும். அப்போதும் கொடுக்காதீர்கள். ஸ்விட்சுகளை, வலையமைப்புக் கருவிகளின் நிலையைக் கேட்டறியும் எஸ்என்எம்பி என்ற நெறிமுறை வழியாகக் கவனிப்பீர்கள். அதன் இரண்டாம் பதிப்பில் கடவுச்சொல் போலப் பயன்படும் ஒரு சொல் வலையமைப்பில் மறைப்பே இல்லாமல் பயணிக்கிறது. பல ஸ்விட்சுகளில் அது 'பப்ளிக்' என்றே விடப்பட்டிருக்கும். உங்கள் ஸ்விட்சுகள் மூன்றாம் பதிப்பை ஏற்குமானால் அதற்கு மாறுங்கள். ஏற்காதவற்றில் அந்தச் சொல்லையாவது மாற்றி, படிக்கும் உரிமையை மட்டும் விட்டுவையுங்கள்.

கண்காணிப்பு தோற்பது பெரும்பாலும் எச்சரிக்கைகளின் பெருக்கத்தால்தான். ஒரு ஸ்விட்ச் நின்றால் அதற்குப் பின்னால் இருக்கும் முப்பது கணினிகளும் காணவில்லை என்று முப்பது செய்திகள் வரும். மூன்றாவது நாள் உங்கள் உதவியாளர் அவற்றைப் படிப்பதை நிறுத்திவிடுவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஜாபிக்ஸில் எச்சரிக்கையை எழுப்பும் விதியான டிரிகர் ஒன்றை இன்னொன்றோடு சார்புபடுத்தலாம். ஸ்விட்ச் நின்றிருக்கும் வரை அதற்குப் பின்னால் உள்ளவை பேசாமல் இருக்கும். வட்டு இடத்துக்கும் இப்படித்தான் யோசிக்க வேண்டும். பத்து விழுக்காடுதான் மீதி என்ற எச்சரிக்கை பெரிய வட்டுக்குப் பொருளற்றது, சிறிய வட்டுக்குக் காலம் கடந்தது. இப்போதைய வேகத்தில் வட்டு எப்போது நிரம்பும் என்று கணக்கிடும் டைம்லெஃப்ட் என்ற செயற்கூறு ஜாபிக்ஸில் உண்டு. இன்னும் மூன்று நாளில் நிரம்பும் என்ற செய்தியை வைத்து ஒருவர் எழுந்து போய் ஏதாவது செய்ய முடியும். யாரும் எதுவும் செய்யத் தேவையில்லாத எச்சரிக்கையை அன்றே அணைத்துவிடுங்கள்.

இனி தொடும் வேலை. ஆன்சிபிள் விண்டோஸ் மீது நேரடியாக ஓடாது. அதற்கு லினக்ஸ் கணினி ஒன்று வேண்டும். அது ஜாபிக்ஸ் சர்வராக இருக்கக் கூடாது. அங்கிருந்து விண்டோஸின் தொலைநிர்வாக வசதியான வின்ஆர்எம் வழியாக ஒவ்வொரு விண்டோஸ் கணினியிடமும் பேசி, பவர்ஷெல் என்ற கட்டளை மொழி மூலம் வேலையைச் செய்யும். இதற்கெனத் தனிக் கணக்கு ஒன்றை உருவாக்குங்கள். பணியாளர்களின் கணினிகளில் மட்டும் அதற்கு நிர்வாக உரிமை இருக்கட்டும், எல்லோருடைய கணக்குகளையும் வைத்திருக்கும் டொமைன் கன்ட்ரோலரில் எந்த உரிமையும் வேண்டாம். வின்ஆர்எம் பயன்படுத்தும் 5986 என்ற போர்ட்டை அந்த ஒரு லினக்ஸ் கணினிக்கு மட்டுமே திறந்துவிடும்படி எல்லாக் கணினிகளின் ஃபயர்வாலையும், ஒரே இடத்திலிருந்து அமைப்புகளை விதிக்கும் குரூப் பாலிசி வழியாக அமையுங்கள். கடவுச்சொற்களை ஆன்சிபிளின் மறைகுறியாக்க வசதியான வால்ட்டில் பூட்டி வையுங்கள். இவை எல்லாம் சேர்ந்து இரண்டு நாள் வேலைதான்.

சாக்லேட்டியின் பொதுக் களஞ்சியத்தை 140 கணினிகளிலும் நேரடியாக இணைக்காதீர்கள். ஒரே இணைய முகவரியிலிருந்து அத்தனை கோரிக்கைகள் போனால் அங்கே தடுத்துவிடுவார்கள். நிறுவனங்கள் தங்களுக்கென உள்களஞ்சியம் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது சாக்லேட்டியின் சொந்தப் பரிந்துரையும்கூட. உங்கள் அளவுக்கு சர்வரில் பகிர்ந்து வைத்த ஒரு கோப்புறையே போதும். சாக்லேட்டி பொதிக்குள் இருப்பது பெரும்பாலும் ஒரு சிறிய பவர்ஷெல் ஸ்கிரிப்ட். திறந்து படித்து, பிறகு உள்ளே சேருங்கள். பல பொதிகள் நிறுவும் நேரத்தில்தான் மூல மென்பொருளை இணையத்திலிருந்து இறக்கும். அதையும் முன்கூட்டியே இறக்கி உங்கள் கோப்புறையில் வைத்துவிடுங்கள்.

அதன் பிறகும் எல்லாக் கணினிகளையும் ஒரே நேரத்தில் தொட வேண்டாம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் பிழையான அப்டேட் ஒன்று எல்லோருக்கும் ஒரே வீச்சில் போனது. ஒன்றரை மணி நேரத்துக்குள் திரும்பப் பெற்றும், மைக்ரோசாஃப்ட் கணிப்பின்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் செயலிழந்து நீலத்திரையில் விழுந்திருந்தன. அவற்றில் பலவற்றை ஒவ்வொன்றாகக் கையால் சரிசெய்ய வேண்டியிருந்தது. ஆன்சிபிளில் 'சீரியல்' என்ற ஒரு வரி இருக்கிறது. முதலில் ஐந்து கணினிகள், பிறகு இருபது, பிறகு மற்றவை என்று அதில் எழுதலாம். இத்தனை விழுக்காடு தோற்றால் நிறுத்து என்றும் சொல்லலாம். முதல் ஐந்தில் உங்கள் கணினியும் உங்கள் உதவியாளரின் கணினியும் இருக்கட்டும். வெட்டு மேசையையும் வெட்டு வடிவங்களை வரையும் பிளாட்டரையும் இயக்கும் கணினிகளை இந்த வரிசையில் சேர்க்கவே வேண்டாம். அவை நின்றால் உற்பத்தி நின்றுவிடும். அவற்றைத் தனி வலையமைப்பில் பிரித்து வைத்து, உங்கள் கையாலேயே கவனியுங்கள்.

நான் இவ்வளவு பொறுமை சொல்வதால் அப்டேட்டைத் தள்ளிப்போடலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாகிரை என்ற தீநிரல் 2017 மே 12 அன்று பரவியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. ஏறத்தாழ இரண்டு மாதம் இடைவெளி இருந்தும் பிரிட்டன் மருத்துவமனைகளில் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. மேசை மேசையாக நடக்கும் இரண்டு பேரால் அந்த இடைவெளிக்குள் 140 கணினிகளையும் ஒன்றுவிடாமல் முடித்துவிட முடியும் என்று யாராலும் உறுதி சொல்ல இயலாது. உங்கள் முயற்சி அவசியமானது என்று நான் நம்புவது அதனால்தான்.

மேலாளரின் கேள்வி நியாயமானது. பொறுப்பேற்க ஆள் வேண்டும் என்றால் அதை விலைக்கு வாங்கலாம். ஜாபிக்ஸ் நிறுவனம் லாட்வியத் தலைநகர் ரீகாவிலிருந்து ஆதரவு ஒப்பந்தம் விற்கிறது, ஆன்சிபிளுக்கு ரெட் ஹாட் விற்கிறது. மென்பொருளுக்கு லைசென்ஸ் கட்டணம் இல்லை, உதவிக்கு மட்டும் கட்டணம். திறந்தமூலம் என்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடும் என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள். எக்ஸ்இசட் என்ற சிறிய திறந்தமூல நூலகத்துக்குள் ஒருவர் ரகசியமாக நுழைவதற்கான பின்கதவு வைத்தது 2024 மார்ச்சில் வெளிப்பட்டது. உள்நுழைவு அரை வினாடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் தேடிக்கொண்டே போய் அதைக் கண்டுபிடித்தார். அவரால் மூலநிரல் வரை போக முடிந்தது. வாங்கிய மென்பொருளாக இருந்தால் புகார் அனுப்பிவிட்டுக் காத்திருந்திருப்பார். மேலாளரிடம் இந்த வேறுபாட்டைச் சொல்லுங்கள். சேமிக்கும் லைசென்ஸ் தொகையில் ஒரு பகுதியை ஆதரவு ஒப்பந்தத்துக்கும் உங்கள் உதவியாளரின் பயிற்சிக்கும் கேட்டு வாங்குங்கள்.

முதல் மாதம் ஜாபிக்ஸ் மட்டும் ஓடட்டும். அதில் எழும் எச்சரிக்கைகளின் பட்டியலை எனக்கு அனுப்பினால் எவற்றை அணைக்கலாம் என்று சேர்ந்து பார்க்கலாம். அனுப்பும் முன் கணினிப் பெயர்களையும் முகவரிகளையும் நீக்கிவிடுங்கள்.

அன்புடன்